ஜாம் ஆன பிஸ்டலைக் குறை சொல்லும் முன் மேகசினைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்ற பிறகு, தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் துப்பாக்கி சுடுதலுக்கு முன்னைவிடக் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் ஒரு வீரர் பாதியில் பின்தங்க நேர்ந்தால், "துப்பாக்கியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக" என்ற ஒரே தொடரோடு செய்தி நின்றுவிடுகிறது. என்ன கோளாறு, அது தவிர்க்கக்கூடியதா என்பதை வாசகர் அறிய வழியில்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது, பயிற்சிக் கூடங்களிலும் இதே மனநிலை நிலவுவதுதான். பிஸ்டல் ஜாம் ஆனால் பிஸ்டல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதைப் பெட்டியில் வைத்து ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 2021-இல் டோக்கியோவில் இதே மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றில் ஏற்பட்ட கோளாறு எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் நின்று இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்தார். அது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி. அதில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெல்லட்டைக் கையால்தான் வைக்க வேண்டும். தோட்டா தானாக ஏறும் வேலையே அங்கு இல்லை. நான் எழுத விரும்புவது 25 மீட்டர் போட்டிகளில் பயன்படும் .22 (0.22 அங்குல) பிஸ்டலைப் பற்றி. அது செமி ஆட்டோமேட்டிக் வகை. ஒரு குண்டு வெளியேறியதும் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தானே சேம்பருக்குள், அதாவது பேரல் என்ற குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள், ஏற்றிக்கொள்ளும். ஆண்களுக்கான ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டுகள். முதலில் 8 வினாடி, பிறகு 6, கடைசியில் 4 வினாடி அவகாசம். முதல் தோட்டாவை வீரர் தம் கையால் போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிச் சேம்பரை மூடும் பகுதி) இழுத்து ஏற்றுகிறார். மீதி நான்கும் அந்தச் சில வினாடிகளுக்குள் தாமாகவே ஏற வேண்டும். 2012-இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். இதில் ஒரே ஒரு தோட்டா மேலே ஏற மறுத்தால் அந்தத் தொடரே கேள்விக்குறியாகிவிடும்.

பல ஆண்டுகளாக ஒரு சுடுதல் சங்கத்தின் பிஸ்டல்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: தோட்டா சரியாக ஏறாத கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மேகசின், தோட்டா, அழுக்கு ஆகிய மூன்றில் ஒன்றுதான். பிஸ்டலின் உடற்பகுதியைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகே வருகிறது. நம் கூடங்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

இந்தப் பிஸ்டலில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1887 வாக்கில் உருவானது. மற்ற பிஸ்டல் தோட்டாக்களிலிருந்து அது சில விதங்களில் வேறுபட்டது. அதன் அடியில் கூட்டைவிட அகலமான விளிம்பு உண்டு. தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. குண்டோ உறையில்லாத மென்மையான ஈயம். எடை சுமார் 2.6 கிராம். கூட்டுக்கு வெளியே தெரியும் ஈயத்தின் மேல் மெழுகோ கிரீஸோ பூசப்பட்டிருக்கும். விளிம்பு ஒன்றோடொன்று சிக்கக்கூடியது, ஈயம் எளிதில் நசுங்கக்கூடியது, மெழுகு தூசியைப் பிடிக்கக்கூடியது. இந்த மூன்று குணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், பிஸ்டல் ஏன் தடுமாறுகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

ஜாம் ஆன கணத்தில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எரிச்சலோடு போல்ட்டை இழுக்கிறார்கள், சிக்கிய தோட்டா தரையில் விழுகிறது, அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த குண்டைச் சுடுகிறார்கள். அதோடு சாட்சி அழிந்துவிடுகிறது. சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியோ வேறு பழக்கத்தைக் கேட்கிறது. கோளாறு ஏற்பட்டால் வீரர் பிஸ்டலை இலக்கின் பக்கமே பிடித்தபடி, மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியை அழைக்க வேண்டும். அதிகாரி பார்க்கும் முன் போல்ட்டையோ இயக்கப் பகுதியையோ தொட்டால், அது ஏற்கத்தக்க கோளாறாகக் கருதப்படாது. சுடாமல் விட்ட குண்டுகளுக்குப் புள்ளி கிடைக்காது. போட்டியின் நேர்மைக்காக எழுதப்பட்ட இந்த விதி, கோளாறைக் கண்டுபிடிக்கவும் மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து. ஆகவே பயிற்சியிலும் அதையே கடைப்பிடிக்கச் சொல்ல வேண்டும். பேரல் முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும், விரல் விசையிலிருந்து வெளியே வரட்டும், பயிற்சியாளர் வந்து குனிந்து பார்க்கட்டும். அவர் பார்த்த பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலிதான் என்று உறுதி செய்யலாம். வெளியே எடுத்த தோட்டாவை எறிந்துவிடாமல் தனியே வைக்க வேண்டும். அதன் மேலுள்ள தழும்பு பேசும்.

குண்டின் மூக்கு சேம்பருக்குக் கீழே, சாய்வான உலோகத் தடத்தின் அடியில் முட்டி நின்றிருந்தால், தோட்டா போதிய உயரத்துக்கு எழும்பவில்லை என்று பொருள். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே அழுக்கு சேர்ந்து தோட்டாவைத் தூக்கும் தட்டு தயங்கலாம், அல்லது மேகசின் முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாமல் ஒரு நூலளவு தாழ்ந்து நிற்கலாம். மாறாக, மூக்கு சேம்பரின் மேல் விளிம்பில் மோதி வானத்தைப் பார்த்து நின்றால், மேகசினின் வாய் விளிம்புகள் அகன்று, தோட்டாவைச் சற்று முன்கூட்டியே விட்டுவிடுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். தோட்டாவின் முதுகில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தால், போல்ட் அதன் அடிப்பகுதியைப் பிடிக்காமல் மேலே ஏறிச் சென்றிருக்கிறது. காலிக் கூடு போல்ட்டுக்கும் பேரலுக்கும் இடையே செங்குத்தாக நசுங்கி நின்றால், அது தோட்டா ஏறும் கோளாறே அல்ல. கூடு வெளியேறும் கோளாறு. இதைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் "ஜாம்" என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான், மேகசினில் தேட வேண்டியதை எக்ஸ்ட்ராக்டரிலும் (காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் பகுதி), எக்ஸ்ட்ராக்டரில் தேட வேண்டியதை மேகசினிலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மேகசினைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பிஸ்டலின் விலைக்கு முன் அது ஒரு சிறு தகரப் பெட்டிபோலத் தோன்றுவதால், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தோட்டா எந்தக் கோணத்தில், எந்தக் கணத்தில் சேம்பரை நோக்கிப் புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வாயிலுள்ள இரண்டு மெல்லிய விளிம்புகள்தாம். சிமென்ட் தரையில் ஒருமுறை வாய் கீழாக விழுந்தால் போதும், அவற்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துவிடும். சங்கத்தில் ஒரு பிஸ்டலின் மேகசின்களை மேசையில் வரிசையாக வைத்து, வாயகலத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தபோது, எல்லாம் ஒன்றுபோலவே இருக்க, ஒன்று மட்டும் முன்பக்கம் அகன்றிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது இடது விளிம்பின் முனையில் கடுகளவு பளபளப்பு. எங்கோ மோதிய தடம். அந்தப் பிஸ்டலை "சரியில்லாத பிஸ்டல்" என்று பெயர் சூட்டி, ஒரு பருவம் முழுவதும் யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். அந்த மேகசினை விலக்கியதும் பிஸ்டல் மீண்டும் பயிற்சிக்கு வந்தது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு மேகசினின் அடியிலும் அழியாத மையால் ஓர் எண் எழுதுங்கள். கோளாறு வரும்போதெல்லாம் எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வகைப் பிஸ்டல் வேறொன்று இருந்தால் மேகசின்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொல்லை மேகசினோடு போகிறதா, பிஸ்டலோடு நிற்கிறதா என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். எண் எழுதாத மேகசின்களை ஒரே பையில் கலந்து போட்டு வைத்திருக்கும் சங்கத்தில் எந்த நிபுணர் வந்தாலும் இதைச் சொல்ல முடியாது.

மேகசினில் தோட்டாவை அடுக்குவதற்கும் முறை உண்டு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் அமர்ந்தால், மேல் தோட்டா முன்னே நகரும்போது கீழ்த் தோட்டாவின் விளிம்பு அதை மறித்துவிடும். அவசரத்தில் அடுக்கும் இளம் வீரர்களிடம் இதைப் பார்க்கிறேன். மேகசினுக்குள் எண்ணெயைத் தாராளமாக விடும் வழக்கமும் தவறு. எண்ணெய் தூசியையும் கரியையும் பிடித்து வைத்து, சில நாட்களில் களிம்பாக மாறி, தட்டின் ஏற்றத்தைத் தடுக்கும். கழற்றி, பழைய துணியால் துடைத்து, உலர்ந்த நிலையில் மீண்டும் பொருத்துவதே போதும். விரலாலோ மெல்லிய மரக்குச்சியாலோ தட்டை அழுத்திவிட்டால், அது எங்கும் தயங்காமல் மேலே வர வேண்டும்.

அடுத்து தோட்டா. ஒரு பிஸ்டலுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காமல் போவது இயல்பு. போட்டிப் பிஸ்டல்களின் ரீகாயில் ஸ்பிரிங்கும் (பின்னே போன போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங்) போல்ட்டின் எடையும் வழக்கமான வேகமுள்ள (ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி) தோட்டாவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. விசை குறைந்த தோட்டாவைப் போட்டால் போல்ட் முழுவதும் பின்னே போகாமல் திரும்பிவிடும்; அடுத்த தோட்டாவைப் பிடிக்காமலே மூடிக்கொள்ளும். காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று கவனியுங்கள். வழக்கமாக விழும் இடத்தைவிடக் காலருகிலேயே விழத் தொடங்கினால் போல்ட்டின் வீச்சு குறைந்திருக்கிறது என்று அறியலாம். தோட்டாவில் விசை குறைவா, எண்ணெயின்றி உராய்வு கூடியிருக்கிறதா என்று அதன் பிறகு பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால், அடுத்த குண்டைச் சுடவே கூடாது. ஈயக் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மே மாதத்தில் நிறுத்தி வைத்த காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுச் சென்றால், குண்டின் மேல் பூசிய மெழுகு இளகி வழிந்து, பெட்டியின் அட்டைத் தூளையும் மண்ணையும் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே மேகசினுக்குள் போனால் அது சேம்பரின் வாயில் படிந்து கெட்டியாகிறது. பெட்டியைத் தரையில் வைக்காமல், நிழலில், மூடி வைத்தாலே இது நேராது. கீழே விழுந்த தோட்டாவைச் சட்டையில் துடைத்துவிட்டு மீண்டும் ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும். ஈயம் மென்மையானது, மணல் அதில் பதிந்துவிடும்.

சேம்பரின் உள்ளே கரியும் மெழுகும் ஈயத்துகளும் சேர்ந்து ஒரு வளையமாகப் படியும். தோட்டா கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய், கடைசி மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளையத்தைத்தான். பித்தளைத் தூரிகையைச் சேம்பர் பக்கத்திலிருந்து செலுத்திச் சுத்தம் செய்தால் போதும். சுத்தத்தின் மதிப்புக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று: 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்தின் தேர்வில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு தடங்கலும் இன்றிச் சுட்டது என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் இடையிடையே அதைத் துடைத்து எண்ணெய் இட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

.22 பிஸ்டலுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. வெறும் சேம்பரில் விசையை அழுத்திப் பழகும்போது, அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பிஸ்டல்களில், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி சேம்பரின் விளிம்பிலேயே மோதக்கூடும். நாளடைவில் அங்கே உலோகம் நசுங்கி உள்பக்கமாகச் சிறு பிசிறு எழும்பும். அது உள்ளே போகும் தோட்டாவைத் தடுக்கும். வெளியே வரும் கூட்டைக் கீறும். காலிக் கூட்டின் வாயருகே எப்போதும் ஒரே பக்கத்தில் நீளவாக்கில் கீறல் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். வீட்டில் வெறும் பிஸ்டலை வைத்துப் பழகுங்கள் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் அறிவுரை சொல்கிறோம். தயாரிப்பாளரின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது நம் கடமை.

இவ்வளவும் பார்த்த பிறகும் தொல்லை தீரவில்லை என்றால் ரீகாயில் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி, அதன் சிறு ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குகள் தேய்மானப் பொருட்கள். கையேடு சொல்லும் இடைவெளியில் மாற்றப்பட வேண்டியவை. அவை உடையும்வரை காத்திருப்பதால் நமக்கு எந்த மிச்சமும் இல்லை.

நான் மிகவும் வருத்தத்தோடு எழுதுவது அரத்தைப் பற்றி. தோட்டா முட்டுகிறது என்றதும், அது ஏறும் சாய்வுத் தடத்தை உரசி வழுவழுப்பாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இணையத்தில் காணொளியைப் பார்த்துவிட்டுச் சிறு மோட்டார் கருவியால் அதை இழைக்கிறார்கள். இன்னும் சிலர் இடுக்கியால் மேகசின் வாயை நெரிக்கிறார்கள். இழைத்த உலோகம் திரும்பி வராது. தடத்தின் கோணம் மாறினாலோ, சேம்பரின் கீழ் விளிம்பு தேய்ந்து கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கல் குறைந்தாலோ, கூடு வெடித்துச் சூடான வாயு சுடுபவரின் கையை நோக்கி வரக்கூடும். நூறு ரூபாய்க்குரிய அழுக்கை நீக்க மறுத்து, லட்சக்கணக்கில் விலை கொடுத்து இறக்குமதி செய்த பேரலைப் பாழாக்கிய பிஸ்டல்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். துடைப்பதும் கழற்றிப் பார்ப்பதும் நம் வேலை. உலோகத்தைத் தொடும் வேலை உரிமம் பெற்ற கைவினைஞருடையது. அவரிடம் கொண்டு போகும்போதும், "ஜாம் ஆகிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது குண்டு, மூக்கு எங்கே முட்டியது என்று சொல்லி, தழும்பு பட்ட தோட்டாவைப் பற்றிய குறிப்பையும் படத்தையும் காட்டினால் அவர் வேலை எளிதாகும்.

தமிழகத்தின் துப்பாக்கி சுடுதல் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தப் பிஸ்டல் வைத்திருக்கும். கோளாறானால் இன்னொன்று வாங்கும். சங்கத்தின் பிஸ்டலை முறைவைத்துப் பகிர்ந்து பழகும் பிள்ளைக்கு, அந்த ஒரு பிஸ்டல் ஓரமாக ஒதுக்கப்பட்டால் அந்தப் பருவமே போய்விடுகிறது. நான் பார்த்தவரை அப்படி ஒதுங்கிப்போனவர்களில் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆகவே ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை குண்டுகள் சுடப்பட்டன, எந்தத் தேதியில் எந்த எண் மேகசினில் என்ன விதமாகச் சிக்கியது, எப்போது ஸ்பிரிங் மாற்றப்பட்டது என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட அளவிலான போட்டிக்கு முந்தைய வாரத்தில், அந்தப் போட்டியில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவை, எடுத்துச் செல்லும் எல்லா மேகசின்களிலும் இட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒதுக்கி வைத்த பிஸ்டல்கள் எந்தச் சங்கத்தின் அலமாரியில் இருந்தாலும், அவற்றைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன், நல்லதென்று உறுதியான ஒரு மேகசினை மட்டும் போட்டு மீண்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
துப்பாக்கி சுடுதல் சங்கப் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.